சிவப்பு அட்டைக் காட்டேரி

போன மாதம் தஞ்சாவூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். வெயில், கூட்டம், என் முழங்கால் என்று காரணங்களை அடுக்கி, போக வேண்டாம் என்றாள் மகள். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு முழங்கால் வலி தெரியாது. ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். உள்ளே ஒரு கடையில் பழைய காமிக்ஸ் புத்தகங்களை மறுபடி அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, கண்ணாடித் தாள் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் அட்டையில் சவப்பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு கை வெளியே நீண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு அடுத்த கடைக்குப் போகத் தோன்றவில்லை.

"பேரனுக்கா மேடம்? இது கொஞ்சம் பயமா இருக்கும். ஹாரர்" என்றான் கடைப் பையன்.

"எனக்குத்தான் தம்பி."

நரைத்த தலையையும் கையிலிருந்த மாத்திரைப் பையையும் பார்த்துவிட்டு, சரி, நமக்கெதற்கு வம்பு என்று பில் போட்டுக் கொடுத்தான். நான் அங்கேயே தாளைக் கிழித்துப் புத்தகத்தை விரித்து மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்திறங்கும் அட்டைப்பெட்டியின் வாசனைதான் வந்தது. பேய்க்கதை என்றால் வறுத்த வேர்க்கடலை வாசனை அடிக்க வேண்டாமா? இதைச் சொன்னால் அந்தப் பையனுக்குப் புரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் தாய்மாமன், குமாரு மாமா, சீர்காழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போடும் வேலையில் இருந்தார். கடலை வண்டிக்காரர்கள் பொட்டலம் மடிக்க அங்கேதான் தாள் எடுப்பார்கள். காமிக்ஸ் தாள் அளவில் சிறியது, கூம்பாகச் சுற்ற அப்படி வாகாக வரும். அதனால் வண்டிக்காரர்களுக்குள் அதற்குப் போட்டி. அவர்கள் பாதி கிழித்துவிட்டு வைத்த புத்தகங்களை மாமா பிடுங்கி எடுத்து, ஊருக்கு வரும்போது வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வருவார். கடலைக்காரர்கள் எப்போதும் பின்னாலிருந்துதான் கிழிப்பார்கள். ஆகவே நான் சிறுவயதில் படித்த எந்தப் பேய்க்கதைக்கும் முடிவு கிடையாது. எலும்புக்கூடு கதவைத் தட்டும். கதாநாயகி தாழ்ப்பாளில் கை வைப்பாள். அதோடு சரி, மீதி யாரோ ஒருவர் தின்ற கடலையோடு போயிருக்கும்.

பேய்க்கதை படிக்கிற பெண் உருப்படமாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொன்னார். அவர் வாக்கு முழுக்கப் பொய்க்கவில்லை. வளர்ந்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை ஊரார் ரத்தத்தை உறிஞ்சியெடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்ததுதான் என் உத்தியோகம். ஊசியைக் கண்டு அழுகிற பிள்ளைகளிடம், "நான் நல்ல காட்டேரிடா, கொஞ்சம்தான் குடிப்பேன்" என்பேன். இன்னும் பலமாக அழுவார்கள்.

காட்டேரி என்றதும் அந்த வார்த்தைக்கு வந்துவிட்டேன். அதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம்.

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே. எங்கள் தெரு முழுவதும் பண்ணையின் மனை. குடிசை எங்களுடையது, அது நின்ற மண் பண்ணையாருடையது. அவருடைய வயலில் வேலை செய்கிறவரைக்கும் அங்கே இருக்கலாம். கூலியைப் பற்றி வாய் திறந்தால், "மனையைக் காலி பண்ணு" என்பார்கள். பண்ணையார் தஞ்சாவூரில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் குடை, சைக்கிள், வெற்றிலைப் பெட்டி சகிதம் எங்களை மேய்த்தவர் காரியக்காரர். வயல் வேலையை மேற்பார்வை பார்க்கும் பண்ணை ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

விடுமுறை நாட்களில் நானும் அம்மாவோடு களை பறிக்கப் போவேன். மத்தியானம் வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள். நான் இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுப்பேன். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. நான் படித்தால், சோற்றில் வைத்த கை வாய்க்குப் போகாமல் கேட்பார்கள். படத்தையும் காட்ட வேண்டும். அந்தப் படங்களைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கதை நடக்கிற ஊரில் பனி கொட்டிக் கிடக்கும். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நனைந்திருப்பது. அது எப்படி இடுப்பளவு குவியும்? "வேதாரண்யம் பக்கம் போலருக்கு, உப்பளம்" என்று முடிவு கட்டினாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி அத்தை. அத்தையின் குரல் அடுத்த வாய்க்கால் வரை கேட்கும். மறுத்துப் பேச ஆள் கிடையாது. அன்று முதல் எங்கள் பேய்கள் எல்லாம் உப்பளத்தில்தான் நடமாடின.

ஒருநாள் மாமா கொண்டுவந்த புத்தகம் மற்றவற்றைவிடத் தடிமன். அட்டையின் மேல்பாதி கிழிந்து தலைப்பே இல்லை. மிச்சமிருந்த பாதி முழுக்க ரத்தச் சிவப்பு, அதில் ஒரு முஷ்டி ஒரு சுத்தியலை ஓங்கியிருந்தது. கதை இதுதான். மலைமேல் ஒரு கோட்டை. அதில் ஒரு பிரபு. அவன் செத்து எத்தனையோ தலைமுறை ஆகியும் சாகாமல், குடிமக்களின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்து உயிர் வாழ்கிறான். பகலில் தன் சொந்த மண்ணை ஒரு பெட்டியில் நிரப்பி அதன்மேல் படுத்துத் தூங்குவான். எங்கே போனாலும் அந்த மண் பெட்டியும் கூடவே போகும். மண் இல்லாவிட்டால் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாவிட்டால் சாவு. அவனை ஒழிக்க ஒரு டாக்டரும் ஒரு பாதிரியாரும் மர முளையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள், நெஞ்சில் அடிக்க. கதையைத் தமிழில் எழுதியவர் அந்தப் பிரபுவுக்கு வைத்திருந்த பெயர் இரத்தக் காட்டேரி.

"நிறுத்துடி" என்றாள் அம்மா.

அம்மாவின் பெயர் பாக்கியம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் மாற்றமாட்டாள். நீங்கள் காட்டேரி என்றால் கதைப் புத்தகத்து ரத்தப்பிசாசை நினைப்பீர்கள். எங்கள் குலசாமி காட்டேரியம்மன். தெருக்கோடியில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல். வயிற்றில் பிள்ளை தங்கினால் முதலில் அவளுக்குத்தான் கோழியும் கருவாடும் வைத்துப் படைப்போம். நான் பிழைத்துப் பிறந்ததே அவள் கருணை என்பாள் அம்மா. அப்படிப்பட்டவளின் நெஞ்சில் முளையடிக்க யாரோ இரண்டு பேர் சுத்தியலோடு வருகிறார்கள் என்று நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஊரான் ரத்தத்தக் குடிக்கிற பயலுக்கு எதுக்கு எங்காத்தா பேரு? வேற பேரு வச்சுப் படி."

"புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டுருக்கு."

"போட்டவனுக்குத் தெரியல. ஒனக்குத் தெரியுதுல்ல? மாத்திப் படி."

பேய் என்று படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. பிசாசு, அரக்கன் எதுவும் சரிப்படவில்லை. காத்தாயி அத்தை விரலை நக்கிக்கொண்டே, "காரியக்காரருன்னு வச்சுப் படிடி, பொருத்தமா இருக்கும்" என்றாள். மரத்தடியே அதிர்ந்தது. எனக்கும் குஷி தாங்கவில்லை. 'காரியக்காரர் கோரைப் பற்களைக் காட்டிச் சிரித்தார்' என்று படித்தேன். 'காரியக்காரர் வௌவாலாக மாறி ஜன்னல் வழியே பறந்தார்' என்றபோது ஒருத்திக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அதன்பிறகு வேறு கதை படிக்கவே விடவில்லை. "அந்தக் காரியக்காரர் கதையப் படிடி" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அவர்கள் சிரித்தது எப்படிப்பட்ட காலத்தில்? அதையும் சொல்ல வேண்டும். கூலி கேட்ட ஊர்களில் குடிசை எரிந்த சேதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த காலம். ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் கொல்லைப்பக்கமாக வயலில் இறங்கிவிடுவார்கள். எனக்கு எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயமே வந்ததில்லை. ஜீப்பைப் பார்த்துத்தான் வரும். அந்த வருஷம் அறுவடைக் கூலிக்காக விவசாயத் தொழிலாளர் சங்கம் மறியல் செய்ததில் அப்பாவோடு சேர்த்துத் தெருவில் முக்கால்வாசி ஆண்கள் திருச்சி ஜெயிலில் இருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் எங்கள் மனை விஷயம் முற்றியது. பண்ணை மனையில் குடியிருக்கிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. சென்னையில் வந்த சட்டம் எங்கள் தெருவுக்கு வந்து சேர அத்தனை காலம். கடைசியில் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, யார் யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதப்போகிறார் என்று சேதி வந்தது. சங்கத்து ஆள் தெருவில் வந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவுரு வர்ற அன்னிக்கு ஒருத்தரும் வீட்ட விட்டு நகராதீங்க. ஆள் இல்லாத வீட்டக் காலின்னு எழுதிடுவாங்க. காலின்னு எழுதிட்டா அப்பறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

காரியக்காரருக்கும் இது தெரியும். முதலில் நயமாக வந்தார். ஆற்றோரம் மேடான இடமாகத் தருகிறேன், அங்கே போய்விடுங்கள் என்றார். அது புறம்போக்கு, வெள்ளம் வந்தால் முதலில் போகிற இடம். அம்மா குனிந்து சாணி தட்டியபடியே, "இங்கயே பழகிருச்சுங்க" என்றாள். அவர் போய்விட்டார். அவ்வளவு சுலபமாகப் போகிறவர் இல்லையே என்று காத்தாயி அத்தைக்குத்தான் முதலில் உறைத்தது.

அதிகாரி வருவதாகச் சொன்ன அன்று காலை, அவருக்கு முன்னால் ஜீப் வந்தது. போலீஸ். ஓர் எஸ்.ஐ., ஒரு கான்ஸ்டபிள், பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு காரியக்காரர்.

"இதுல பாக்கியம் யாரு?" என்றார் எஸ்.ஐ.

"நாந்தாங்க."

"வயல்ல கூட்டம் போட்டுத் தீவிரவாதிப் புத்தகம் படிக்கிறீங்களாமே? பண்ணை ஆள நெஞ்சுல முளையடிச்சுக் கொல்லணும்னு படம் போட்டுருக்காமே? எடு அந்தப் புத்தகத்த. படிச்சவங்க, கேட்டவங்க எல்லாரும் ஸ்டேஷனுக்குக் கெளம்புங்க. விசாரிக்கணும்."

காத்தாயி அத்தையின் குரல் காரியக்காரர் காதுவரைக்கும் போயிருக்கிறது. கேட்டவர்கள் என்றால் தெருவே கேட்டதுதான். ஆண்கள் ஜெயிலில், பெண்கள் ஸ்டேஷனில் என்றால் வீடெல்லாம் காலி. காரியக்காரர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். அவசரமில்லாமல் தடவினார்.

நான் கூரைச் செத்தையிலிருந்து புத்தகத்தை உருவிக் கொடுத்தேன். எஸ்.ஐ. அட்டையைப் பார்த்தார். சிவப்பு, ஓங்கிய முஷ்டி, சுத்தியல். நான் அதுவரை அதை அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை. எங்கள் தெருமுனைக் கம்பத்தில் பறந்த சங்கக் கொடியும் சிவப்புத்தான், அதிலும் சுத்தியல்தான்.

"பாத்தீங்களா சார்? நான் சொன்னேன்ல?" என்றார் காரியக்காரர்.

எஸ்.ஐ. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தி இருக்கு. அருவா எங்கய்யா?"

"கிழிஞ்ச பாதில இருந்திருக்கும் சார்."

அப்போதுதான் அம்மா வாசலை மறைத்த மூங்கில் படலுக்கு முன்னால் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து ஒவ்வொரு குடிசை வாசலிலும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை.

"ஐயா, எங்களுக்கு எழுத்து தெரியாது. அதுல என்னா இருக்குன்னு எம்மவ படிச்சுத்தான் தெரியும். அவ எங்களுக்கு எப்படிப் படிச்சாளோ அப்படியே ஒங்களுக்கும் படிக்கட்டும். மொதல்லேருந்து ஒண்ணு விடாம கேளுங்க. தப்பு இருந்தா நானே வந்து ஜீப்புல ஏறிக்கறேன். கேக்காமலே கூப்பிட்டா நான் இந்த வாசல விட்டு எந்திரிக்கமாட்டேன். தூக்கிட்டுத்தான் போவணும்."

குரல் உயரவே இல்லை. கெஞ்சலும் இல்லை. ஒரு பெண்ணை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போவதை எல்லா வாசல்களும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எஸ்.ஐ.க்குத் தோன்றியிருக்கலாம். அல்லது வெயிலாக இருக்கலாம். கவிழ்த்துப்போட்டிருந்த உரலில் உட்கார்ந்து, "படி பாப்பா" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். 'அப்படியே' என்றால் எப்படி? காரியக்காரர் என்றா படிப்பது? அம்மா கண்ணை மூடித் திறந்து, "புத்தகத்துல என்னா போட்டுருக்கோ அதப் படி. மெதுவா படி. எழுத்து விடாம படி" என்றாள். அந்த மெதுவாவில் இருந்த அழுத்தம் எனக்குப் புரிந்துவிட்டது. தாலுகா ஆபீஸ்காரர் வந்து சேரும்வரை இந்தக் கதை முடியக்கூடாது.

என் வாழ்நாளில் அப்படிப் படித்ததில்லை. உள்ளட்டையிலிருந்து தொடங்கினேன். ஆசிரியர் கடிதத்தைப் படித்தேன். வாசகர் கடிதங்களைப் படித்தேன், எழுதியவர்களின் ஊர் பெயரோடு. கூந்தல் தைல விளம்பரம், மாய மோதிர விளம்பரம், வீட்டிலிருந்தே ஹிப்னாடிசம் கற்றுக்கொள்ளுங்கள், எதையும் விடவில்லை.

"கதைய மட்டும் படி" என்றார் காரியக்காரர்.

"ஒண்ணு விடாமத்தான் ஐயா கேக்கறாங்க" என்றாள் அம்மா.

பிறகு கதை. ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தை விளக்கினேன். கோட்டைக் கதவு 'க்ரீ...ச்' என்று திறந்தபோது மூச்சு முட்டும்வரை க்ரீச்சினேன். ஓநாய் ஊளையிட்ட இடத்தில் ஊளையிட்டேன், தெரு நாய்கள் பதில் சொல்லின. 'இரத்தக் காட்டேரி கோரைப் பற்களைக் காட்டிச் சிரித்தான்' என்று படித்தபோது காத்தாயி அத்தை பழக்க தோஷத்தில் தன் வாசலிலிருந்து, "காட்டேரி இல்லடி, காரி..." என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தை அங்கேயே வண்டியைத் திருப்பி, "காரியமாப் படிடி, ஐயா கேக்கறாங்கல்ல" என்றாள். அதன்பிறகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. முதலில் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார். பிரபு வண்டியிலிருந்து மண் பெட்டியை இறக்கும் இடத்தில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். கான்ஸ்டபிள் நின்றபடியே படத்தை எட்டிப் பார்த்தார். டாக்டரும் பாதிரியாரும் பாதாள அறைக்குள் இறங்கும்போது, "பெட்டி மூடிய மொதல்ல பாக்கச் சொல்லு" என்று எஸ்.ஐ. தன்னையறியாமல் சொல்லிவிட்டு, பிறகு தொண்டையைச் செருமினார். காரியக்காரர் மட்டும் கால் மாற்றி மாற்றி நின்றார். அதிகாரி வந்திறங்கும் ஊர்க் கணக்குப்பிள்ளை கர்ணம் வீட்டுப் பக்கம் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார்.

டாக்டர் மூடியைத் திறந்தார். முளையை நெஞ்சில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பக்கம் இல்லை.

"அப்பறம்?" என்றார் எஸ்.ஐ.

"கிழிஞ்சிருக்குங்க."

"பாத்தீங்களா சார்! அதுலதான் விஷயமே இருந்திருக்கு. வேணும்னே கிழிச்சுட்டாளுங்க. எல்லாத்தையும் வண்டில ஏத்துங்க சார், மணியாவுது."

மணியாகிறது என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எஸ்.ஐ. திரும்பி அவரை ஒருதரம் பார்த்தார். ஆனாலும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ரோட்டில் இன்னும் யாரையும் காணோம். புத்தகம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

"முடிவுதானே? நான் சொல்றேங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்து அம்மா அதற்கு முன்பு யாருக்கும் ஒரு கதை சொன்னதில்லை. எனக்குக்கூட.

"அந்தப் பொட்டில கெடக்கற மண்ணு பிரபுவோடது இல்லீங்க. அவன் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அந்த ஊர்ல குடியிருந்தவன் வீட்டு மண்ணு அது. அவன் பாட்டன் கொட்டி, மேடாக்கி, மொழுவுன மண்ணு. டாக்டரு சுத்திய ஓங்கறாரு. அப்ப அந்த ஊரு பொம்பளைங்கள்லாம் உள்ள எறங்கி வந்தாளுங்க. 'இருங்கய்யா, அடிக்காதீங்க'ன்னாளுங்க. 'கூடைய எடுத்துட்டு வந்துருக்கோம். எங்க மண்ண நாங்க அள்ளிக்கறோம்'னாளுங்க."

"அள்ளி?" என்றார் எஸ்.ஐ.

"ஒவ்வொரு கூடையா அள்ளுனாளுங்க. இது எங்க வாசல் மண்ணுன்னு ஒருத்தி. இது எங்க அடுப்படி மண்ணுன்னு ஒருத்தி." அம்மா வாசல்களைப் பார்த்தாள். உடனே அந்தந்த வாசலிலிருந்து, இது எங்க கொல்லை மண்ணு, இது எம்புள்ள தொப்புக்கொடி பொதைச்ச மண்ணு என்று ஒவ்வொரு குரலாக வந்தது. அம்மா ஒவ்வொருத்தியும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "கடைசிக் கூடைய அள்ளுனதும் பொட்டி காலி. பிரபு முழிச்சுப் பாத்தான். படுக்க மண்ணு இல்ல. தானா போயிட்டான். முளையும் வேண்டியிருக்கல, சுத்தியும் வேண்டியிருக்கல. எங்காத்தா காட்டேரி அவ எடத்துல அவ இருந்தா. அவ்வளவுதாங்க கதை."

காரியக்காரரின் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். எஸ்.ஐ. என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, "இது கதைதான்யா. பேய்க்கதை" என்றார்.

அந்த நேரத்தில் வாய்க்கால் பாலத்தில் சைக்கிள் மணி கேட்டது. ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் கர்ணமும். போலீஸ் ஜீப்பைப் பார்த்துத் திகைத்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். எங்கள் வாசலில்தான் முதலில் நின்றார்.

"இங்க யாரு குடியிருக்கறது?"

"நான். பாக்கியம்" என்றாள் அம்மா. அப்போதும் எழுந்திருக்கவில்லை. அவர் எழுதி முடித்து அடுத்த வாசலுக்கு நகர்ந்த பிறகுதான் எழுந்தாள். கால் மரத்துப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வீடுகூட அன்று காலி என்று எழுதப்படவில்லை.

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று எஸ்.ஐ. புத்தகத்தை மட்டும் பறிமுதல் செய்துகொண்டு போனார். சாயந்தரம் அம்மா வேப்பமரத்தடிக்கு ஒரு முட்டையோடு போய், ஆபத்துக்குப் படிக்கவேண்டியதாகிவிட்டது, உன் பெயரைக் கண்டபடி சொன்னதை மனசில் வைக்காதே என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கான்ஸ்டபிள் எங்கள் பக்கம் வந்தபோது, கடைசிப் பக்கம் எங்கேயாவது கிடைத்ததா என்று ஐயா கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னார். கடலைக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பட்டா கைக்கு வருவதற்குள் இன்னும் சில மழைக்காலங்கள் போயின. ஜெயிலிலிருந்து வந்த அப்பா மண் சுவர் எழுப்பினார். படலை எடுத்துவிட்டு ஒரு மரக்கதவு போட்டார். கதவு வந்த மறுநாள் அம்மா மாமாவிடம் சொல்லி ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னாள். நல்ல கனமான பித்தளைப் பூட்டு. "திருட நம்ம வீட்ல என்னா இருக்கு?" என்று அப்பா கேலி செய்தார். வேலை இல்லாத ஒரு நாள் பார்த்து, அம்மா தலை சீவி, எனக்கும் சீவிவிட்டு, வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை அழைத்துக்கொண்டு சீர்காழிக்கு பஸ் ஏறினாள்.

சீர்காழியில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மாமா கடைக்குக்கூடப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பஸ்கள் வந்தன, போயின. வெயில் சாய்ந்தது. எனக்குச் சலித்துவிட்டது.

"எதுக்கும்மா வந்தோம்?"

"சும்மாதான்."

"வீட்ல ஒருத்தரும் இல்லையேம்மா."

"அதுக்குத்தாண்டி" என்றாள். முடிச்சில் இருந்த சாவியைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு நிதானமாக அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தத் தெருவுக்கு அவ்வப்போது போகிறேன். காங்கிரீட் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. என் தம்பியின் குடும்பம் திருப்பூரில், காத்தாயி அத்தையின் பேத்தி சென்னையில் இன்ஜினீயர். தீபாவளிக்கு வந்து திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஊரே வெறிச்சோடிவிட்டது என்று போன தடவை பஸ்ஸில் ஒருவர் என்னிடம் அங்கலாய்த்தார். நான் கூடச் சேர்ந்து அங்கலாய்க்கவில்லை. எங்கள் தெருவில் முன்பு ஒரு பயம் குடியிருந்தது, வீட்டை விட்டு ஒரு பொழுது நகர்ந்தால் வீடே போய்விடும் என்று. பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே தெருக்கோடி வரை நடந்தேன். அதை எங்கேயும் காணோம்.